‘ஆன் அமெரிக்கன் டெய்ல்’: பிள்ளைகளோடு பார்க்கும் முன் கொழும்புப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத தமிழ் பேசும் குடும்பம் கொழும்பில் அரிது. அதனால்தான் இந்தப் பழைய கார்ட்டூன் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, எப்படிக் காட்டுவது என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொல்லிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம். படத்தின் முடிவும் இதில் இருக்கிறது. பிள்ளைக்குக் காட்டப்போகும் பெரியவர் அதைத் தெரிந்துகொண்டுதான் உட்கார வேண்டும்.

இது என்ன படம்? புதுசா, பழசா?

1986 நவம்பரில் வெளிவந்த படம். இயக்கியவர் டொன் புளூத், நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட எலிக் குடும்பமொன்று நடுக்கடலில் பிரிந்துபோகும் கதை. குட்டி எலியின் பெயர் ஃபைவல். அது ஸ்பீல்பேர்க்கின் தாய்வழிப் பாட்டனாருடைய பெயர்.

80 நிமிடம் ஓடும். முழுக்கக் கையால் வரைந்தது, நிறங்களும் இருண்டவை. இன்றைய கணினிப் படங்களின் பளிச்சென்ற நிறத்துக்குப் பழகிய பிள்ளை ‘ஒண்டும் தெரியேல்ல’ என்று முதலிலேயே எழும்பிவிடலாம். டீவியின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கதையை முழுசாச் சொல்லுங்க, நான் முதல் தெரிஞ்சுகொள்ளோணும்.

1885, ரஷ்யாவின் ஷொஸ்ட்கா என்ற ஊர். மௌஸ்கவிட்ஸ் என்ற யூத எலிக் குடும்பம் பண்டிகை கொண்டாடிக்கொண்டிருக்கும்போது கொசாக்குக் குதிரைப் படை ஊருக்குள் புகுந்து தீ வைக்கிறது. பூனைகளும் எலிகள்மேல் பாய்கின்றன. அமெரிக்காவில் பூனையே இல்லை என்று நம்பி, அப்பா, அம்மா, அக்கா தான்யா, கைக்குழந்தை யாஷா, ஃபைவல் ஐந்து பேரும் ஜெர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறார்கள். புயலில் ஃபைவல் கடலுக்குள் அடிபட்டுப் போகிறான். அவன் செத்துவிட்டான் என்று அப்பாவும் அம்மாவும் நம்புகிறார்கள். தான்யா மட்டும் நம்புவதில்லை.

அவன் ஒரு போத்தலுக்குள் மிதந்து நியூயோர்க் சேருகிறான். ஆன்றி என்ற பிரெஞ்சுப் புறா அவனைத் தேற்றி நகருக்கு அனுப்புகிறது. வாரன் டி. ராட் என்ற ஏமாற்றுக்காரன், பெற்றோரைக் காட்டித் தருகிறேன் என்று சொல்லி அவனை வேலைத்தலமொன்றில் விற்றுவிடுகிறான். அங்கிருந்து தப்புகிறான், டோனி, பிரிட்ஜெட் என்ற நண்பர்கள் கிடைக்கிறார்கள். அமெரிக்காவிலும் பூனைகள் உண்டு, வாரனே எலி வேடம் போட்ட பூனைதான் என்று தெரியவருகிறது. அப்பா சொன்ன ‘மின்ஸ்க் நகரத்து இராட்சத எலி’ என்ற பழங்கதையை வைத்து எலிகள் பெரிய பொம்மை எலியொன்று செய்து பூனைகளை ஹொங்கொங் கப்பலில் துரத்திவிடுகின்றன. டைகர் என்ற நல்ல பூனையின் உதவியாலும் அப்பாவின் வயலின் ஓசையாலும் கடைசியில் குடும்பம் சேர்ந்துகொள்கிறது.

இந்தக் கதையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெற்றோரும் பிள்ளையும் ஒரே நகரத்தில், சில வேளை சில அடி தூரத்தில், ஒருவரை ஒருவர் காணாமலே கடந்து போவார்கள். சின்னப் பிள்ளைகள் மிக அதிகமாகத் தவித்து ‘அங்க, அங்க!’ என்று கத்துவது அந்த இடங்களில்தான்.

மகளுக்கு நாலரை வயசு. காட்டலாமோ?

இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். கதை இறுதியில் சேர்த்துவைக்கும் என்று நம்பிக் காத்திருக்க அந்த வயதில் முடியாது. ஒவ்வொரு காட்சியும் அவளுக்கு அந்த நேரத்து உண்மை. எங்கள் கணக்கில் 5 முதல் 7 வயது வரை ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். 8க்கு மேல் பொதுவாகச் சிரமமில்லை. அக்காவோடு தங்கையும் பார்க்கத்தான் போகிறாள் என்றால், தங்கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்த இடத்துல பயந்துடும்? முன்னாடியே தெரிஞ்சா நல்லது.

ஐந்து இடங்கள். முதலாவது, முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே வரும் தீவைப்பு. பண்டிகைப் பாட்டு அடங்குமுன் வருவதால் திடுக்கிட வைக்கும். இரண்டாவது, கடற்புயல். அலைகள் பூத உருவெடுத்துக் கை நீட்டும், சத்தமும் அதிகம். மூன்றாவது, வேலைத்தலத்தில் பிள்ளைகளை அடைத்துவைத்து வேலை வாங்குவது. நான்காவது, சந்தையில் பூனைக்கூட்டம் புகுவதும் ஃபைவல் கூண்டில் அகப்படுவதும். ஐந்தாவது, இராட்சத எலி. அது நல்லவர்கள் செய்த பொம்மை என்று தெரிந்திருந்தும் பிள்ளைகள் மிரள்வார்கள்.

கண்ணைப் பொத்துவதைவிடச் சத்தத்தைக் குறைப்பது நல்ல பலன் தரும். இந்தப் படத்தில் பயத்தில் பாதி இசையிலிருந்தே வருகிறது. புயல் தொடங்கும்போது ஒலியை மூன்றில் ஒரு பங்கு இறக்குங்கள். ‘கொஞ்ச நேரத்தில புயல் வரும், ஃபைவல் கடலுக்குள் விழுவான், ஆனா சாகமாட்டான்’ என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லுங்கள். முடிவைச் சொன்னால் சுவை கெட்டுவிடும் என்று பெரியவர்கள்தான் நினைக்கிறார்கள். முடிவு தெரிந்த பிள்ளை தைரியமாகப் பார்க்கும்.

இன்னொரு விடயம்: நேர்மையான ஜோன் என்ற அரசியல்வாதி எலி குடிப்பதாக வரும். வீட்டில் அது பிடிக்காது என்றால் முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

பிள்ளை தமிழ் மீடியம். இங்கிலிஷ் விளங்காதே?

விளங்காவிட்டாலும் பார்க்கலாம், ஆனால் ஒருவர் கதை சொல்ல வேண்டும். நீங்கள் முதலில் தனியாக ஒரு தடவை பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரியென்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 25 வரிக்கு மேல் போனால் அது மொழிபெயர்ப்பாகிவிடும், பிள்ளை களைத்துப்போகும். காட்சி தொடங்குமுன் அந்த வரியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘இப்ப இவன் நல்லவன்போல வாறான், ஆனா ஃபைவலை விக்கப்போறான்.’ அவ்வளவு போதும்.

வழக்கமாகப் பிழைப்பது மூன்று இடத்தில். கதை சொல்பவர் முன்னால் இருந்தால் பிள்ளைகள் திரையை விட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள், ஆகவே பின்னால் அல்லது பக்கத்தில் இருங்கள். பாட்டுகளின்மேல் பேசினால் இரண்டும் கெடும். பாட்டு வருமுன் அதன் பொருளை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். பெயர்களைத் தமிழாக்கினால் பிள்ளைகள் குழம்புவார்கள், ஏனெனில் படத்தில் ‘ஃபைவல்’ என்று கூப்பிடுவது காதில் விழுந்துகொண்டே இருக்கும். பெயரை அப்படியே வையுங்கள். உறவை மட்டும் அக்கா, அப்பா என்று சொல்லுங்கள்.

இது யூத ஆக்களைப் பற்றின படமாமே? எங்கட பிள்ளையளுக்கு எப்பிடி விளங்கும்?

வரலாறு தெரியாமலே கதை பிடிபடும். பெரிய பிள்ளை கேட்டால் சொல்ல இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்: 1881 இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். அந்தப் பழியை யூதர்கள்மேல் போட்டு, பேரரசின் தென்பகுதியில் அவர்களுடைய வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அன்றிலிருந்து 1914 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். ஷொஸ்ட்கா இன்று உக்ரேனில் இருக்கிறது.

எலிகள் யூதர்கள் மட்டுமில்லை. கப்பலில் வரும் பாட்டில் ரஷ்ய எலி, சிசிலியிலிருந்து வந்த இத்தாலிய எலி, அயர்லாந்து எலி என்று மூவர் தங்கள் தங்கள் இழப்பைச் சொல்வார்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி ‘மூண்டு பேருக்கும் என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். எல்லாரும் ஏதோ ஒன்றைப் பறிகொடுத்துத்தான் புறப்பட்டார்கள் என்று பிள்ளை தானாகவே சொல்லும்.

அம்மம்மாவும் கூட இருந்து பாப்பா. அந்த வீடு எரிக்கிற இடம்…?

கேட்கவேண்டிய கேள்வி. 1983 ஜூலையைக் கொழும்பில் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி கார்ட்டூனாகத் தெரியாது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்கள் இன்றும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அவவிடம் தனியாக முன்பே சொல்லுங்கள்: ‘தொடக்கத்தில வீடு எரியும், ஆக்கள் ஓடுவினம். நீங்கள் அதுக்குப் பிறகு வந்து இருக்கிறீங்களோ?’ முடிவை அவவே எடுக்கட்டும். மேலே சொன்னபடி அது முதல் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அவ இருந்து பார்த்து, பிள்ளை ‘அம்மம்மா, உங்கட வீடும் எரிஞ்சதோ?’ என்று கேட்டால் நீங்கள் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டாம். சொல்ல விருப்பமென்றால் சொல்லுவா, இல்லையென்றால் ‘பிறகு சொல்லுறன்’ என்பா. இரண்டும் சரி. பிள்ளைக்குத் தேவையானது ஒன்று: அன்று யார் உதவினார்கள், பிறகு எங்கே பாதுகாப்பாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்பது. தீயோடு கதை நின்றுவிடக் கூடாது.

சுதந்திரதேவி சிலையைக் கட்டிக்கொண்டு இருக்கிற மாதிரிக் காட்டுறாங்களே, அது சரியா?

கிட்டத்தட்ட. சிலை 1885 ஜூனில் பிரான்சிலிருந்து பெட்டிகளில் நியூயோர்க் வந்தது. பீடம் 1886 ஏப்ரலில்தான் முடிந்தது, திறப்பு விழா அதே வருடம் அக்டோபர் 28. எனவே 1885 இல் சிலை பாதி எழும்பி நின்றது என்பது படத்தின் சலுகை. படம் வெளிவந்த 1986, சிலைக்கு நூறாவது வருடம்.

குடும்பம் போய் இறங்கும் காசில் கார்டன் சரியான இடம். 1855 முதல் 1890 வரை வந்தேறிகளைப் பதிந்தது அங்கேதான். பலரும் சொல்லும் எல்லிஸ் தீவு 1892 இல்தான் திறந்தது.

இறங்கினவுடன பேரை மாத்திப்போடுறாங்களே. உண்மையா அப்பிடி நடந்ததோ?

தான்யாவை ‘டில்லி’ என்று அதிகாரி எழுதிக்கொள்வது நல்ல காட்சி, ஆனால் வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. அதிகாரிகள் கப்பல் நிறுவனம் ஏற்கனவே எழுதிக் கொடுத்த பட்டியலோடு பெயரைச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் பிற்பாடு, வேலைக்கும் பள்ளிக்கும் வசதியாக அவரவரே மாற்றிக்கொண்டபோது.

எங்கள் பிள்ளைகளோடு பேச இது உதவும் காட்சி. கனடாவில் வகுப்பாசிரியர் பெயரைச் சுருக்கினால் என்ன சொல்வாய், உன் பெயரை நீயே மெதுவாக இரண்டு தடவை சொல்லிக் கொடுக்க முடியுமா என்று பழக்கிப் பாருங்கள்.

‘அமெரிக்காவில பூனை இல்லை’ எண்டு பாடிப்போட்டுப் போய்ப் பார்த்தா பூனை நிக்குது. வெளிநாடு போறதே ஏமாற்று எண்டு பிள்ளை நினைக்காதோ?

படம் அப்படிச் சொல்லவில்லை. போன இடத்திலும் கஷ்டம் இருக்கிறது, ஆனால் அங்கே சேர்ந்து நின்று பூனையைத் துரத்த முடிந்தது என்றுதான் சொல்கிறது. உண்மையில் இந்தப் பாட்டு எச்சரிக்க வேண்டியது பெரியவர்களைத்தான். போனில் ‘இங்க எல்லாம் சொர்க்கம்’ என்று மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, அப்பா களைத்துப்போய்ப் பேசும்போது தன்மேல் கோபம் என்று நினைத்துவிடும். வெயில் கடுமை, அறையில் ஆறு பேர், இன்று ஓவர்டைம் என்ற அளவுக்காவது பிள்ளைக்குத் தெரியட்டும்.

வாரன் டி. ராட்டையும் விட்டுவிடாதீர்கள். தனியாக நிற்கும் பிள்ளையிடம் ‘உன் அப்பா அம்மாவை எனக்குத் தெரியும், வா’ என்று சொல்லுபவன் எப்படிப் பேசுகிறான் என்பதைப் படம் துல்லியமாகக் காட்டுகிறது. படத்தை நிறுத்திப் பேசத் தகுந்த இடம் அது.

என்ட மகன்ட வாப்பா கட்டார்ல. மகனுக்கு ஏழு வயசு. இதப் பார்த்தா இன்னும் ஏங்கிடுமா?

கொஞ்சம் ஏங்கும், ஒருவேளை அழவும் செய்யும். அது படம் உண்டாக்கிய கவலையில்லை, ஏற்கனவே உள்ளே இருந்தது வெளியே வருகிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று, இந்தப் பக்கத்திலேயே எங்களுக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். ஃபைவல் ஏன் பிரிந்தான்? புயல் நேரத்தில், சொல்லுக் கேளாமல், பெரிய மீன்களைப் பார்க்கவென்று கப்பலின் மேல்தட்டுக்கு ஓடினான். பிள்ளையின் கணக்கில் இது ‘குழப்படி செய்தான், அதால பிரிஞ்சான்’ என்று பதியும். வாப்பா போனது தன்னுடைய குழப்படியால்தான் என்று இரகசியமாக நம்பும் பிள்ளைகள் உண்டு. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அதனால் புயல் காட்சி முடிந்ததும் நிறுத்திச் சொல்லிவிடுங்கள்: ‘ஃபைவல் விழுந்தது புயலால. வாப்பா போனது உன்னால இல்ல. வீட்டுக் கடன் கட்டவும் உன்ட படிப்புக்கும் அவரும் நானும் பேசி எடுத்த முடிவு.’ உண்மையான காரணம் எதுவோ அதைச் சொல்லுங்கள், பிள்ளைக்கு அளவான சொல்லில். ‘சும்மா வேலைக்குப் போனார்’ என்று மழுப்பினால் அந்த வெற்றிடத்தைப் பிள்ளை தன் குற்றத்தால் நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, திகதி. படம் 80 நிமிடத்தில் சேர்த்துவைத்துவிடுகிறது, பிள்ளையும் ‘வாப்பா எப்ப?’ என்று அன்றிரவே கேட்கும். ஒப்பந்தம் இரண்டு வருடமென்றால் இரண்டு வருடமென்று சொல்லி, கலண்டரில் காட்டுங்கள். லீவு உறுதியாகாத நிலையில் ‘பெருநாளைக்கு வருவார்’ என்று சொல்லாதீர்கள். தவறிப்போன ஒரு திகதி, நீண்ட காத்திருப்பைவிட அதிகமாக நோகடிக்கும்.

அவரும் அங்கயிருந்து எங்களோட சேர்ந்து பார்க்கேலுமா?

பார்க்கலாம், நேரத்தைச் சரியாகப் பிடித்தால். கொழும்பில் மாலை 7 மணிக்குத் தொடங்கினால் கட்டார், குவைத், சவூதியில் 4.30, துபாயில் 5.30. லண்டனில் குளிர்காலத்தில் பகல் 1.30, கோடையில் 2.30. பாரிஸ், சூரிச்சில் அதைவிட ஒரு மணித்தியாலம் கூட: 2.30, கோடையில் 3.30. டொரொன்டோவில் குளிர்காலம் காலை 8.30, கோடை 9.30. மெல்பேர்னில் நள்ளிரவாகிவிடும், அங்கே உள்ளவர்களோடு என்றால் கொழும்பு நேரம் காலை 10 மணிக்கு வையுங்கள். வளைகுடாவில் பலருக்கு வெள்ளி மட்டுமே லீவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ அழைப்பில் உங்கள் டீவியைக் காட்ட முயன்றால் படமும் சத்தமும் விட்டு விட்டு வரும், டேட்டாவும் கரையும். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் படத்தை வைத்து, ‘மூண்டு, இரண்டு, ஒண்டு’ சொல்லி ஒரே நேரத்தில் தொடங்குங்கள். அழைப்பு குரல் அழைப்பாக மட்டும் இருக்கட்டும். அப்பா பக்கம் இயர்போன் போட வேண்டும், இல்லையென்றால் அவருடைய படத்தின் சத்தம் எதிரொலிக்கும். துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது, அங்கே உள்ளவர்கள் பொட்டிம் போன்ற செயலியைப் பயன்படுத்துகிறார்கள். லைன் போனால் நிறுத்தி நிறுத்தி மீண்டும் பிடிக்காமல் படத்தை ஓட விடுங்கள், முடிந்ததும் பேசலாம்.

அந்த நிலாப் பாட்டு வரேக்க எனக்கே அழுகை வந்திடும். பிள்ளைக்கு முன்னால அழலாமோ?

அழலாம். தான்யாவும் ஃபைவலும் வெவ்வேறு இடத்திலிருந்து ஒரே நிலவைப் பார்த்துப் பாடும் பாட்டு அது. ஜேம்ஸ் ஹோர்னர், பரி மான், சிந்தியா வைல் மூவரும் சேர்ந்து ஆக்கியது. படத்துக்குள் பாடுவது சிறுவர் குரல்கள், கொஞ்சம் பிசிறு தட்டும், அதுவே அதன் அழகு. இறுதியில் பெயர்கள் ஓடும்போது வருவது லிண்டா ரொன்ஸ்டட், ஜேம்ஸ் இங்ரம் பாடியது. 1988 இல் அந்த வருடத்தின் சிறந்த பாடலுக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது.

அழும்போது காரணத்தைச் சொல்லுங்கள்: ‘அப்பாவை நினைச்சன், அதான்.’ காரணம் சொல்லாத கண்ணீர்தான் பிள்ளையைப் பயமுறுத்தும். குளியலறைக்குப் போய் ஒளித்து அழுதால் பிள்ளைக்கு அது கட்டாயம் தெரிந்துவிடும். அப்பாவைப் பற்றிப் பேசக்கூடாதாக்கும் என்று அதுவும் பழகிக்கொள்ளும்.

நான் அடுத்த மாசம் குவைத் போறேன். போறதுக்கு முந்திக் காட்டவா, போன பிறகு காட்டச் சொல்லவா?

முந்தியே காட்டுங்கள், ஆனால் கடைசி வாரத்தில் வேண்டாம். கட்டுநாயக்க போவதற்கு முன் மூன்று, நான்கு வாரம் இருக்கும்போது பார்த்தால், பிறகு கேள்விகள் வர நேரம் இருக்கும், பதில் சொல்ல நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள். போன பிறகு முதல் மாதத்தில் அம்மாச்சியோ சித்தியோ தனியாக வைத்துக் காட்டுவது பிள்ளைக்கும் அவர்களுக்கும் பாரம்.

படத்தில் அப்பா ஃபைவலுக்குக் கொடுக்கும் தொப்பி, மூன்று தலைமுறையாகக் குடும்பத்தில் இருந்தது. தலைக்குப் பெரிசு, கண்ணை மறைக்கும், ஆனாலும் கழற்றமாட்டான். கடைசியில் அவனைக் கண்டுபிடிக்க உதவுவதும் அந்தத் தொப்பி. அதைப் பார்த்த பிறகு நீங்களும் ஒரு பொருளைக் கொடுங்கள், நீங்கள் உண்மையில் பாவித்த பொருளாக: தலையணை உறை, பழைய சால்வை, கைக்கடிகாரம். புதிதாகக் கடையில் வாங்கிய பொம்மை இந்த வேலையைச் செய்யாது. துணியென்றால் துவைக்காமல் கொடுங்கள், சின்னப் பிள்ளைகள் வாசனையைத்தான் தேடுவார்கள்.

நாங்கள் குடும்பமா கனடா போகப்போறம். அம்மம்மா இங்க நிக்கப்போறா. இந்தப் படம் பொருந்துமோ?

அவ்வளவாக இல்லை. படத்தில் முழுக் குடும்பமும் புறப்படுகிறது, பின்னால் நிற்பவர் யாருமில்லை. உங்கள் பிள்ளையின் பிரிவு அம்மம்மாவோடு. எனவே படத்தைப் பயணத்தைப் பற்றிப் பேசப் பயன்படுத்துங்கள்: கப்பல், புது ஊர், பெயர், பாஷை. அம்மம்மாவைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு அழைப்பு என்பதைப் போகும் முன்பே இருவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

எங்க தாத்தா தோட்டத்துல இருந்தவரு. அவரு தங்கச்சி குடும்பம் இந்தியா போயிருச்சு. இந்தப் படத்தோட அதச் சொல்லலாமா?

நன்றாகச் சேரும். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் இந்தப் பட்டியலிலும் தங்கை அந்தப் பட்டியலிலும் வந்தார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம்.

தாத்தா சொல்வதைப் பிள்ளைக்கு விளங்கவைக்க ஒரு வழி: ஒரு தாளில் அட்டன், தலைமன்னார், இராமேஸ்வரம் மூன்றையும் புள்ளியிட்டுக் கோடு போடுங்கள். இன்னொரு தாளில் ஷொஸ்ட்கா, ஹம்பேர்க், நியூயோர்க். இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தாத்தாவைப் பேச விடுங்கள். வித்தியாசத்தையும் மறைக்க வேண்டாம். ஃபைவலின் குடும்பம் தானே முடிவெடுத்துப் புறப்பட்டது. இங்கே முடிவை எடுத்தது இரண்டு அரசாங்கங்கள்.

எங்கட வாசிகசாலையில இருபது பிள்ளையளுக்குப் போட்டுக் காட்டலாமோ?

முதலில் சட்டம். குடும்பமும் நெருங்கிய உறவும் வீட்டில் பார்ப்பது தனிப்பட்ட பாவனை. அதைத் தாண்டிய இடத்தில் காட்டினால், டிக்கட் வைக்காவிட்டாலும், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது பொதுக் காட்சியாகிவிடும், உரிமையாளரின் அனுமதி தேவை. கற்பித்தலுக்கான நியாயமான பாவனைக்கு அதே சட்டம் இடம் தருகிறது. பாடசாலையென்றால் அதிபர் மூலம் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு கருவிகள். 3000 லூமன் புரொஜெக்டர், 6 அடி அகல வெள்ளைத் துணி, தனி ஸ்பீக்கர். புரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கரை நம்பினால் சத்தம் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வையுங்கள். மின்விசிறிக் காற்றில் துணி ஆடும், கீழ் விளிம்பில் ஒரு பைப்பை மடித்துத் தைத்துவிடுங்கள். முதல் வரிசை திரையிலிருந்து 9 அடி தள்ளி. கொழும்பில் வருடம் முழுக்க 7 மணிக்கு இருட்டிவிடும், அதற்குமுன் திரைச்சீலை இல்லாத மண்டபத்தில் இந்த இருண்ட படம் தெரியாது. லப்டொப் சார்ஜில் இருக்கட்டும். முடிந்ததும் பிளக்கை உடனே இழுக்காமல் விளக்கு ஆறவிடுங்கள்.

இருபது பிள்ளைக்கு மூன்று பெரியவர்கள் வேண்டும். ஒருவர் கதை சொல்ல, ஒருவர் கருவிக்கு, ஒருவர் அழும் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டுபோய் இருக்க. பெற்றோர் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் யார் யார் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கூட்டத்தில் அவர்களை எழுப்பி ‘நீ சொல்லு’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.

படம் முடிஞ்சுது. பிள்ளை ஒண்டும் கதைக்கேல்ல. ஏதாவது கேக்கோணுமோ?

உடனே கேட்க வேண்டாம். சாப்பாடு கொடுங்கள், தூங்கட்டும். மறுநாள் கை வேலையாக இருக்கும்போது, முகம் பார்க்காமல் கேட்டால் பதில் வரும். ‘உனக்கு எப்பிடி இருந்தது?’ என்பதைவிட ‘ஃபைவலுக்கு எந்த இடத்தில கூடுதலாப் பயமா இருந்திருக்கும்?’ என்று கேளுங்கள். பிள்ளை ஃபைவலைச் சாட்டித் தன்னைச் சொல்லும். பேசாத பிள்ளையிடம் ஆன்றிப் புறாவிடம் கொடுத்தனுப்ப ஒரு படம் வரையச் சொல்லலாம்.

போத்தலுக்குள்ள மிதந்து போய்ச் சேருறானே. கடலுக்குப் போனாலும் தப்பலாம் எண்டு நினைச்சிடுமோ?

ஆறு வயதுக்குக் கீழே அப்படி நினைப்பதுண்டு. வெள்ளவத்தை, தெகிவளைப் பிள்ளைகளுக்குக் கடல் ரயில் பாதைக்கு அப்பால்தான். ‘அது கதை, உண்மையில் கடலில் விழுந்தால் பெரியவர்களாலும் நீந்த முடியாது’ என்று நேராகச் சொல்லுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும் என்பதையும் சேர்த்து.

பிள்ளையின்ர மாமா காணாமல் போனவர். படத்தில செத்தவன் எண்டு நினைச்சவன் திரும்பி வாறான். நான் என்ன சொல்ல?

இது மிகக் கடினமான கேள்வி. வீட்டுக்கு வீடு பதிலும் மாறும். பிள்ளை கட்டாயம் ‘அப்ப மாமாவும் வருவாரோ?’ என்று கேட்கும். ‘வருவார்’ என்றும் ‘வரமாட்டார்’ என்றும் சொல்ல உங்களிடம் ஆதாரமில்லை. அதையே சொல்லுங்கள்: ‘மாமா எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது. அம்மம்மா இன்னும் தேடுறா. ஃபைவல் கதையில வாறவன், கதை எழுதினவை அவனைச் சேர்த்துவிட்டினம்.’ தெரியாது என்பதை ஒரு பிள்ளை தாங்கும், நீங்கள் அருகில் இருந்தால்.

தான்யாவை அம்மம்மாவோடு ஒப்பிடாதீர்கள். தான்யா நம்பினாள், தம்பி கிடைத்தான் என்று படம் காட்டுகிறது. அதைக் கேட்டு, உறுதியாக நம்பாததால்தான் மாமா வரவில்லை என்று பிள்ளை எடுத்துக்கொண்டால் அது பெரும் அநியாயம். இந்த வீட்டில் படத்தைக் காட்டாமலே விடுவதும் முழுக்கச் சரியான முடிவு. பெரியவர்கள் எல்லாரும் கலந்து பேசி, அம்மம்மாவுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

பார்த்து ரெண்டு கிழமை. இன்னும் ராத்திரி எழும்பி அழுறா. நான் யாரிட்டக் காட்ட?

முதல் மூன்று, நான்கு இரவு அழுவது, படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது, சேர்ந்துகொள்ளும் காட்சியை மட்டும் பத்துத் தடவை போடச் சொல்வது எல்லாம் வழமை, விட்டுவிடலாம். இரண்டு கிழமை தாண்டியும் தூக்கம் கெடுவது, விட்டிருந்த படுக்கை நனைத்தல் திரும்புவது, பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாடு குறைவது, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பைத் தொடவே மறுப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் படத்தை மட்டும் காரணம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். பிரிவின் பாரம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வழக்கமாகக் காட்டும் வைத்தியரிடம் போய், பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் மருத்துவமனைக்குக் கடிதம் கேட்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிள்ளையைப் பொறுப்பெடுத்தவர் அடிக்கிறார், பட்டினி போடுகிறார், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார் என்று சிறு சந்தேகம் வந்தாலும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுங்கள். அழைக்கும்போது பிள்ளையின் வயது, எந்த நாளிலிருந்து, இரவில் எத்தனை தடவை என்று எழுதி வைத்துக்கொண்டு பேசினால் கேட்பவருக்கு விளங்கச் சுலபம். வெளிநாட்டில் இருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றே சொல்லுங்கள். அவர் கவலைப்படுவார் என்று மறைத்தால் பிள்ளை அவரிடம் போனில் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.